கேலக்ஸி சர்வே வடிவமைப்பது எப்படி? மாசி வீதி டீக்கடையில் இருந்து தொடங்குவோம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒத்தக்கடையில் என் வீட்டு மொட்டைமாடிக்கு எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். எதிரே யானைமலை படுத்துக் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம் பேசுவோம். புதுக் குழு வரும்போதெல்லாம் நான் கொடுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: "இருண்ட ஆற்றலை ஆராய ஒரு கேலக்ஸி சர்வேக்குத் திட்டம் போடுங்கள், ஒரு பக்கம் போதும்." தாள்களைத் திருப்பி வாங்கினால் எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுபோல இருக்கும்: தொலைநோக்கியின் விட்டம். ஒருவர் நான்கு மீட்டர், ஒருவர் எட்டு மீட்டர், தாராள மனசுக்காரர் ஒருவர் முப்பது மீட்டர்.

மனை எங்கே என்று பார்க்காமல் வாசக்காலுக்குத் தேக்கு வாங்கப் போவது மாதிரி இது. நிலம் அளக்க வரும் சர்வேயரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எதை அளக்க வந்தார், சங்கிலி எவ்வளவு நீளம், எந்த மூலையில் முள்வேலி மறித்ததால் கால் வைக்க முடியவில்லை: இந்த மூன்றும் தெரிந்தால்தான் அவர் வரைந்த ஸ்கெட்சை நம்பலாம். கேலக்ஸிகள் எங்கெங்கே, எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும் வான சர்வேயும் அப்படித்தான். நான் இந்தப் பிள்ளைகளுக்காக எழுதி வைத்த குறிப்புகளைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். பிளஸ் டூ கணக்கும் கொஞ்சம் பைத்தானும் இருந்தால் பின்தொடரலாம்.

முதலில் கேள்வி, ஒரே வரியில்

1998இல் இரண்டு குழுக்கள் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை (வெடிக்கும் நட்சத்திரங்களை) அளந்தபோது அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. பிரபஞ்சம் விரிகிறது என்பது பழைய சேதி. அந்த விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் புதுசு. அதற்காக சால் பெர்ல்முட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. வேகத்தைக் கூட்டும் அந்த ஏதோ ஒன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்தோம். பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் அதுதான். பெயர் வைத்ததோடு சரி, அது என்ன என்று இன்னும் தெரியவில்லை.

"இருண்ட ஆற்றல் என்றால் என்ன" என்பது சர்வேக்கான கேள்வி அல்ல. அளக்கக்கூடியதாக அதை மாற்ற வேண்டும். இருண்ட ஆற்றலின் அழுத்தத்தை அதன் அடர்த்தியால் வகுத்தால் வரும் எண்ணை டபிள்யூ என்பார்கள். அது எக்காலத்திலும் சரியாக மைனஸ் 1 என்றால், ஐன்ஸ்டைன் 1917இல் தன் சமன்பாட்டில் சேர்த்த மாறிலிதான் இது; வெற்றிடத்துக்கே உள்ள ஆற்றல், காலத்தால் மாறாதது. மைனஸ் 1இல் இருந்து சற்று விலகினாலோ, காலத்தோடு மாறினாலோ, வேறு ஏதோ இயற்பியல் உள்ளே இருக்கிறது. எனவே கேள்வி இப்படி: "டபிள்யூ மைனஸ் 1தானா, அது மாறுகிறதா?"

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியையும் எழுதுங்கள்: எவ்வளவு துல்லியம் வேண்டும்? இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பொருளின் பங்கு 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்ற அளவு; அது கூடினால் தூரமும் கூடும்) 1 வரை உள்ள தூரத்தை முதலில் மைனஸ் 1க்கும் பிறகு மைனஸ் 0.95க்கும் போட்டுப் பாருங்கள். பைத்தானில் பத்து வரி. இரண்டு விடைக்கும் வித்தியாசம் சுமார் 1 சதவீதம்தான். டபிள்யூவில் 5 சதவீத மாற்றத்தைக் கண்டுபிடிக்க, தூரத்தில் 1 சதவீதத்தைவிட நன்றாக அளந்தாக வேண்டும். அதுவும் மற்ற எண்கள் எல்லாம் துல்லியமாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டால். பொருளின் பங்கையும் இளக விட்டுப் பாருங்கள். டபிள்யூ வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரே தூரத்தில் எவ்வளவு நன்றாக அளந்தாலும் போதாது, பல தூரங்களில் அளக்க வேண்டும் என்பது இங்கேயே புரிந்துவிடும். இந்தப் பத்து வரியைத் தாங்களே எழுதாத யாரையும் நான் அடுத்த படிக்கு விடுவதில்லை.

சங்கிலி எவ்வளவு நீளம்

தூரத்தை அளக்க நீளம் தெரிந்த ஒரு சங்கிலி வேண்டும். பிரபஞ்சமே ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறது. பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை அது கொதிக்கும் பிளாஸ்மாவாக இருந்தது. அதற்குள் ஒலி அலைகள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் ஓடின. ஆறி, அணுக்கள் உண்டானதும் அலைகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. அவை கடந்த தூரம், இன்றைய அளவுக்கு விரித்துச் சொன்னால், ஏறத்தாழ 147 மெகாபார்செக். அதாவது 48 கோடி ஒளியாண்டு. இதன் விளைவாக, ஏதாவது ஒரு கேலக்ஸியில் இருந்து அந்தத் தூரத்தில் இன்னொரு கேலக்ஸி இருக்கும் வாய்ப்பு, சும்மா சிதறியிருந்தால் இருப்பதைவிட நூற்றுக்கு ஒன்று போலக் கூடுதல். அவ்வளவுதான் தடயம். 2005இல் அமெரிக்காவில் இருந்து நடந்த ஸ்லோன் சர்வேயும், ஆஸ்திரேலியாவில் இருந்து நடந்த 2டிஎஃப் சர்வேயும் இதைக் கேலக்ஸிகளில் கண்டன.

வானத்தில் இந்தச் சங்கிலி எவ்வளவு அகலமாகத் தெரியும்? செம்பெயர்ச்சி 1இல் உள்ள கேலக்ஸிகளுக்கு இரண்டரை டிகிரி, 0.5இல் நாலரை டிகிரி. கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரி, முழுநிலா அரை டிகிரி. ஆக, ஐந்து நிலாவை வரிசையாக வைத்த அகலம். ஹப்பிள் எடுத்த ஆழமான படங்களைக் காட்டி "இதில் ஆயிரக்கணக்கில் கேலக்ஸி இருக்கே சார், இது போதாதா?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சுண்டுவிரலைத்தான் காட்டுவேன். அந்தப் படத்துக்குள் சங்கிலி நுழையவே நுழையாது.

நடுவில் ஒரு டீக்கடை சர்வே

இந்தப் படியை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஆனால் என்னைக் கேட்டால் இதுதான் முதல் படி. கணினியைத் தொடுவதற்கு முன் ஊருக்குள் ஒரு சர்வே நடத்துங்கள்.

மதுரையின் வீதி அமைப்பு இதற்கென்றே போட்டது மாதிரி இருக்கும். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். இரண்டு வருடம் முன்பு பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் டீக்கடை எங்கெங்கே இருக்கிறது என்று போனில் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். ஒவ்வொரு ஜோடிக் கடைக்கும் இடையே உள்ள தூரத்தை எடுத்து, எந்தத் தூரத்தில் ஜோடிகள் அதிகம் என்று வரைந்தால், கேலக்ஸிகளுக்குச் செய்யும் அதே கணக்கு.

நூற்றுச் சொச்சம் கடைகளோடு வந்தார்கள். மேலமாசி வீதியில் ஒரு கடைக்காரர், "என்ன தம்பி, கார்ப்பரேஷன்ல இருந்தா? லைசென்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு" என்று பதறி, பிறகு விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு டீ கொடுத்தாராம். வரைபடம் போட்டதும் ஒரு பையன் துள்ளினான்: "சார், மேடு வந்துருச்சு!" உண்மையிலேயே ஒரு குறிப்பிட்ட தூரத்தில் கோடு மேலே எழும்பியிருந்தது. டீக்கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு தூரம் விட்டுத்தான் கடை போடுகிறார்கள் என்று அரைமணி நேரம் பேசினோம். நானும் சேர்ந்துதான் பேசினேன், அதை மறைப்பானேன்.

அந்த மேடு கடைகளுடையது அல்ல. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் உள்ள இடைவெளி அது. இவர்கள் நடந்தது அந்த இரண்டு சதுரங்களில் மட்டும். நடுவில் உள்ள சந்துகளில் யாரும் நுழையவே இல்லை. சந்துக்குள் கடை இல்லை என்று வரைபடம் சொன்னது. சந்துக்குள் ஆள் போகவில்லை என்பதுதான் நிஜம்.

எப்படிச் சரிசெய்தோம்? நடந்த வீதிகளில் மட்டும், கணினியில் இரண்டாயிரம் பொய்க் கடைகளைக் குருட்டாம்போக்கில் தூவினோம். கடை–கடை ஜோடிகள், கடை–பொய்க்கடை ஜோடிகள், பொய்–பொய் ஜோடிகள் மூன்றையும் எண்ணி, முதலாவதில் இருந்து இரண்டாவதின் இரு மடங்கைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி, மூன்றாவதாலேயே வகுத்தோம். (எண்ணிக்கையை எல்லாம் மொத்த ஜோடிகளால் வகுத்துக்கொண்ட பிறகு.) லாண்டி, சாலே இருவரும் 1993இல் கொடுத்த சூத்திரம் இது; இன்றைக்கும் பெரிய சர்வேக்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. வகுத்து முடித்ததும் மேடு காணாமல் போனது. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பொய்ப் பட்டியலை உண்மையான பட்டியலைவிடப் பல மடங்கு பெரிதாக வையுங்கள். இல்லையென்றால் அதன் சிதறலே விடையில் ஏறிக்கொள்ளும்.

இன்னும் இரண்டு தப்பு வெளியே வந்தது. தெற்குமாசி வீதிக்குப் போன ஜோடி மதியம் இரண்டு மணிக்குப் போயிருக்கிறது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. காலை வடை முடிந்து, மாலை பஜ்ஜிக்கு இன்னும் அடுப்பு பற்ற வைக்காத நேரம். பாதிக் கடை சாத்தியிருந்தது. வானத்தில் இதற்கு இணை, மேகம் லேசாகப் படர்ந்த இரவு, நிலா வெளிச்சம், நம் பால்வீதியின் தூசி. இங்கெல்லாம் மங்கலான கேலக்ஸிகள் விடுபடும். விடுபட்டது எவ்வளவு என்று தெரிந்தால் மிச்சம் இருப்பவற்றுக்கு எடை கூட்டிச் சரிக்கட்டலாம். தெரியாவிட்டால் தெற்குமாசி வீதியில் ஆட்கள் டீ குடிப்பதில்லை என்று கட்டுரை எழுதிவிடுவோம்.

மூன்றாவது தப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. வடக்குமாசி வீதியில் ஒட்டி ஒட்டி இரண்டு கடை. ஒன்றை மட்டும் குறித்துவிட்டு வந்திருக்கிறாள் ஒரு பெண். கேட்டால், "ரெண்டும் சுவரை ஒட்டித்தானே சார் இருக்கு, போன்ல ரெண்டு புள்ளி ஒண்ணுமேல ஒண்ணு விழுந்துச்சு." ஸ்லோன் சர்வேயில் நடந்ததும் இதுவேதான். அதன் முதல் கட்டத்தில் அலுமினியத் தட்டில் ஒவ்வொரு கேலக்ஸிக்கும் ஒரு துளை போட்டு, அதன் ஒளியைக் கருவிக்குக் கொண்டுபோகும் ஒளியிழைகளைப் பகல் நேரத்தில் ஆட்கள் உட்கார்ந்து கையால் செருகுவார்கள்: ஒரு தட்டுக்கு 640, பின்னாளில் 1000. மல்லிகைச் சரம் தொடுக்கும் விரல்களின் வேகம் வேண்டும் அதற்கு. ஒளியிழையின் முனைக்கு என்று ஒரு பருமன் உண்டு. அதனால் 55 ஆர்க்செகண்டுக்குள் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) இருக்கும் இரண்டு கேலக்ஸிகளை ஒரே தட்டில் பிடிக்க முடியாது. நெருக்கமான கூட்டங்களில்தான் இது அதிகம் நடக்கும். கொத்துக் கொத்தாக இருப்பதை அளக்கப் போய், கொத்து இருக்கும் இடத்திலேயே ஆள் குறைந்து போனால்?

இந்த மூன்று தப்பையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: போகாத சந்து, சாத்திய கடை, ஒட்டிய கடை. கேலக்ஸி சர்வேயின் பாதி வேலை இவற்றைச் சமாளிப்பதுதான். புதிதாக வருகிறவர்கள் எத்தனை கேலக்ஸி பிடித்தோம் என்பதில் குறியாக இருப்பார்கள். எங்கே பார்க்கவில்லை என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால் கோடிக் கேலக்ஸியும் வீண் என்பதே என் கட்சி.

எவ்வளவு வானம், எவ்வளவு நெருக்கம்

முழு வானம் 41,253 சதுர டிகிரி. அதில் நம் பால்வீதியின் பட்டை குறுக்கே ஓடும் பகுதி பயன்படாது. தூசியும் நட்சத்திர நெரிசலும் மறைக்கும். ஆடி மாத இரவில் தெற்கே விருச்சிகத்தில் இருந்து மேலேறும் அந்த மங்கல் பட்டையை விட்டு விலக வேண்டும். எங்கே பார்ப்பது? சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களை ஒட்டி, இரவு பத்து பதினொரு மணிக்கு உச்சிக்குச் சற்று வடக்கே அண்ணாந்து பாருங்கள். பால்வீதித் தட்டுக்குச் செங்குத்தான திசை அது. தூசி குறைவு, ஜன்னல் திறந்த மாதிரி. (அழகர் இறங்குவது பௌர்ணமியில் என்பதால் அன்றைக்கு மட்டும் நிலா கெடுத்துவிடும். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.)

அரிசோனாவில் கிட் பீக் மலையில் உள்ள 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் நடக்கும் டெசி சர்வே, தொடங்கும்போது 14,000 சதுர டிகிரியைக் குறி வைத்தது. அதையே நம் கணக்குக்கும் எடுத்துக்கொள்வோம். செம்பெயர்ச்சி 0.5இல் இருந்து 1 வரை அந்தப் பரப்புக்குள் அடங்கும் கன அளவு சுமார் 4,200 கோடி கன மெகாபார்செக். அதில் எத்தனை கேலக்ஸி வேண்டும்?

இங்கே ஒரு பேரம் இருக்கிறது. கேலக்ஸிகள் மிகவும் அரிதாக இருந்தால், கொத்தாகத் தெரிவது நிஜமா தற்செயலா என்று தெரியாது. மிகவும் நெருக்கமாக எடுத்தால், ஒரே சேதியைத் திரும்பத் திரும்பக் கேட்பது மாதிரி. ஊர்க் கூட்டத்தில் ஒரே வீட்டில் ஐந்து பேரிடம் கருத்துக் கேட்டால் ஐந்து கருத்து ஆகிவிடாது. எண் அடர்த்தியையும் கொத்தின் வலுவையும் பெருக்கினால் வரும் விடை 1ஐத் தாண்டினால் நல்லது. 2, 3 ஆனால் தாராளம். அதற்கு மேல் நேரம் மிஞ்சினால் புது வானத்துக்கு நகருங்கள். நடைமுறையில் ஒரு கோடி கன மெகாபார்செக்குக்கு ஆயிரம் கேலக்ஸி என்பது நியாயமான தொடக்கம். 4,200 கோடிக்கு 42 லட்சம் ஆகிறது. ஒரு கேலக்ஸிக்கும் பக்கத்துக் கேலக்ஸிக்கும் சராசரியாக ஏழு கோடி ஒளியாண்டு.

எந்தப் பக்கம் சாய்வது என்று தயங்கினால், பரப்பின் பக்கம் சாயுங்கள். பிரபஞ்சம் ஒன்றுதான், ஒரு சிறு மூலையை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அந்த மூலை அசாதாரணமானதா என்று அந்த மூலையே சொல்லாது.

படமா, நிறமாலையா

ஒரு கேலக்ஸியின் செம்பெயர்ச்சியை இரண்டு வழியில் பெறலாம். ஐந்தாறு வண்ண வடிகட்டிகளில் படம் எடுத்து, நிறத்தை வைத்து ஊகிப்பது ஒன்று. அது மலிவு, ஒரே படத்தில் லட்சக்கணக்கில் கிடைக்கும். ஒவ்வொன்றின் ஒளியையும் பிரித்து நிறமாலை எடுப்பது இன்னொன்று. துல்லியம் அதிகம், மெனக்கெடலும் அதிகம்.

பிழை எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். நிறத்தை வைத்து ஊகித்தால், செம்பெயர்ச்சி 1இல் 0.06 அளவுக்குத் தவறலாம். அதைத் தூரமாக மாற்றினால் கிட்டத்தட்ட 146 மெகாபார்செக். நம் சங்கிலியின் நீளமே 147! பார்வை திசையில் சங்கிலி முழுக்க அழிந்துபோகும். நிறமாலையில் 0.001 பிழை என்றால் இரண்டரை மெகாபார்செக்கோடு போய்விடும். கரும்பலகையில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் விவாதமே வேண்டியதில்லை.

அதற்காகப் படம் எடுப்பது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். படத்தால் வேறு வேலை ஆகும். நடுவில் உள்ள பொருளின் ஈர்ப்பு, பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் வடிவத்தை நூற்றுக்கு ஒன்று போல வளைக்கும். கேலக்ஸிகள் பிறவியிலேயே நீள்வட்டம் என்பதால் ஒன்றைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தொள்ளாயிரம் கேலக்ஸிகளைச் சராசரி எடுத்தால்தான் அந்த ஒரு சதவீத வளைவு சிதறலுக்குச் சமமாகவாவது எழும்பும். இந்த வழியில் போனது சிலியில் 570 மெகாபிக்சல் கேமராவோடு 2013 முதல் 2019 வரை 758 இரவுகள், 5,000 சதுர டிகிரி பார்த்த டார்க் எனர்ஜி சர்வே. 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் ஆய்வகம் (8.4 மீட்டர் ஆடி, 3,200 மெகாபிக்சல்) இதையே பத்து ஆண்டுக்கு, பெரிய அளவில் செய்ய இருக்கிறது. 2023 ஜூலை 1இல் ஏவிய யூக்ளிட் விண்கலம் இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. முதல் திட்டத்துக்கு நீங்கள் நிறமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தப்பு எங்கே நுழைகிறது என்று கண்ணுக்குத் தெரியும். வடிவ வளைவில் தப்பு மூட்டைப்பூச்சி மாதிரி ஒளிந்துகொள்ளும்.

எந்தக் கேலக்ஸியைக் குறி வைப்பது

படத்தில் தெரிவதெல்லாம் நிறமாலைக்கு உதவாது. மூன்று நான்கு வகையாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். அருகில் உள்ளவற்றில் பிரகாசமானவை; செம்பெயர்ச்சி 1 வரை வயதான சிவப்புக் கேலக்ஸிகள்; அதைத் தாண்டி, புது நட்சத்திரங்களைப் பிரசவிக்கும் நீலக் கேலக்ஸிகள்; அதற்கும் அப்பால் குவாசார்கள், அதாவது மையத்தில் உள்ள கருந்துளையால் பளிச்சிடும் கேலக்ஸிகள்.

நீலக் கேலக்ஸிகளை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் ஒரு கருவியின் அமைப்பையே இவை தீர்மானிக்கின்றன. இவற்றில் அயனியான ஆக்சிஜன் 3726, 3729 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) அலைநீளங்களில் இரட்டைக் கோடாக ஒளிரும். மங்கலான கேலக்ஸியில் பெரும்பாலும் இந்த ஒன்றுதான் பளிச்சென்று தெரியும். தனியாக ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அது ஆக்சிஜனா, ஹைட்ரஜனா என்று எப்படிச் சொல்வது? இரட்டை என்று பிரித்துக் காட்டினால் சந்தேகமே இல்லை. செம்பெயர்ச்சி 1இல் கோடு 7454 ஆங்ஸ்ட்ராமுக்கு நகரும், இரட்டைக்கு இடைவெளி ஐந்தரை ஆங்ஸ்ட்ராம். 7454ஐ அதால் வகுத்தால் 1,300 சொச்சம். உங்கள் நிறமாலைமானியின் பிரிதிறன் (அருகருகே உள்ள கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன்) இதற்கு மேல் இருக்க வேண்டும். டெசியின் கருவி 2,000க்கு மேல் வைத்துக்கொண்டது.

எல்லையும் இதே கோட்டில் இருந்துதான் வருகிறது. டெசி 9800 ஆங்ஸ்ட்ராம் வரை பார்க்கும். செம்பெயர்ச்சி 1.63ஐத் தாண்டினால் இரட்டைக் கோடு அதற்கு வெளியே போய்விடும். போதாக்குறைக்கு 7500க்கு மேலே நம் வளிமண்டலமே ஹைட்ராக்சில் கோடுகளாகப் பளபளக்கும். அந்தக் கோட்டின் மேல் உங்கள் கோடு விழுந்தால் சில செம்பெயர்ச்சிகளில் மட்டும் கேலக்ஸி குறைவது போலத் தெரியும். சாத்திய கடை என்று நோட்டில் எழுதியது நினைவிருக்கிறதா?

இப்போதுதான் தொலைநோக்கி, இரவு, மழை

மேயால் தொலைநோக்கியில் ஒருமுறை குறி வைத்தால் சுமார் 8 சதுர டிகிரி தெரியும். முழுநிலாவைப் போல நாற்பது. அதில் 5,000 ஒளியிழைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ரோபோ. இரண்டு நிமிடத்தில் எல்லாம் இடம் மாறிவிடும். கையால் செருகிய காலம் மலையேறிவிட்டது.

14,000ஐ 8ஆல் வகுத்தால் 1,750 குறிகள். ஒரு குறிக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் 583 மணி நேரம். இரவுக்கு 8 மணி நேரம் என்றால் 73 இரவு. அட, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒரே சுற்றில் ஒட்டிய கடைகள் விடுபடும். ஐந்து சுற்று வந்தால்தான் ஓரளவு முழுமை. 365 இரவு. மேகம், காற்று, பழுது, நிலா எல்லாவற்றுக்கும் பாதியைக் கழித்தால் இரண்டு ஆண்டு முழுக்க. ஐந்து சுற்றில் 5,000 இழைகள் மொத்தம் 4.4 கோடி வாய்ப்பு. அதில் ஒரு பங்கு வெற்று வானத்தையும் ஒப்பீட்டு நட்சத்திரங்களையும் பார்க்கப் போய்விடும். இந்த ஒதுக்கீட்டை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

நிலா வெளிச்ச இரவுகளை வீணாக்காதீர்கள். டெசி அந்த இரவுகளில் அருகில் உள்ள பிரகாசக் கேலக்ஸிகளைப் பார்க்கிறது, இருட்டு இரவுகளை மங்கலானவற்றுக்கு வைத்துக்கொள்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்கும் வேலை இருக்கிறது என்றது இதைத்தான்.

"கொடைக்கானலில் வைக்கலாமே சார்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். 1899இல் அமைந்த அங்குள்ள ஆய்வகம் சூரியனுக்கானது. பகலில் கிடைக்கும் வெளிச்சமே அதற்குப் போதும். கேலக்ஸி சர்வேக்கு மாதக்கணக்கில் மேகமில்லாத இருட்டு வேண்டும். கொடைக்கானல் மலைக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் வந்து போகும். நம் நாட்டில் அப்படி வறண்ட உயரம் லடாக்கில் ஹான்லே, 4,500 மீட்டர். அங்கே 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வாணியம்பாடி பக்கம் காவலூரில் 1986இல் இருந்து இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியையும் பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கண்ணாடியின் பருமனை நேரில் பார்த்தால் காகிதத்தில் முப்பது மீட்டர் என்று எழுதக் கை கூசும்.

இன்னொன்று: ஒரு சில வயல்களை, அதாவது வானத்தின் சில துண்டுகளை, திரும்பத் திரும்பப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். யூக்ளிட் கண்ணாடியில் மிக மெல்லிய பனிப்படலம் படிந்ததைக் கண்டுபிடித்ததே, ஒரே நட்சத்திரங்கள் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால்தான். 2024 மார்ச்சில் ஒரு கண்ணாடியைச் சூடாக்கிச் சரிசெய்தார்கள்.

விடையை மூடி வையுங்கள்

டீக்கடை மேட்டைப் பார்த்துத் துள்ளிய பையனை நான் குறை சொல்லவில்லை. எதிர்பார்த்தது வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எதிர்பாராதது வந்தால் மட்டும் பிழை தேடுவோம். அதனால் டெசி போன்ற குழுக்கள் பட்டியலில் உள்ள இடங்களையே வேண்டுமென்று கொஞ்சம் நகர்த்தி வைத்து, கணக்கு முறை முழுதும் முடிவான பிறகுதான் உண்மைப் பட்டியலைத் திறக்கிறார்கள். அதற்கு முன், விடை தெரிந்த பொய்ப் பிரபஞ்சங்களைக் கணினியில் நூற்றுக்கணக்கில் செய்து, அவற்றுக்கும் அதே முள்வேலி, அதே மேகம் எல்லாம் போட்டு, முறை சரியான விடையைத் தருகிறதா என்று பார்ப்பார்கள். நீங்களும் நண்பரிடம் கொடுத்து எண்களை ஒரு ரகசிய அளவால் பெருக்கித் தரச் சொல்லலாம். அந்த அளவை எழுதிய சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

இதன் அருமை இப்போது தெரிகிறது. 2025 மார்ச்சில் டெசி மூன்று ஆண்டு அளவுகளை வெளியிட்டது. ஆதி ஒளியின் மிச்சமான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சோடும் சூப்பர்நோவாக்களோடும் சேர்த்துப் பார்த்தால், டபிள்யூ மாறுகிறது என்ற பக்கம் தராசு சாய்கிறது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை. (சிக்மா கூடக் கூட, அது தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறையும்.) கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும் என்பது இயற்பியலாளர்களின் வழக்கம். தொகுப்பை மாற்றினால் எண் இவ்வளவு ஆடுகிறது என்பதே எனக்குத் தயக்கம் தருகிறது. எங்கோ ஒரு சாத்திய கடை இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டே தொடங்க

பணம் செலவில்லை. ஸ்லோன் சர்வேயின் பட்டியல் முழுக்க இலவசம், இணையத்திலேயே கேள்வி கேட்டு வேண்டிய வரிசைகளை மட்டும் இறக்கலாம். டெசியின் முதல் தொகுப்பு 2025 மார்ச்சில் இருந்து பொதுவில் இருக்கிறது: 1.87 கோடிப் பொருள்கள். மொத்தம் 270 டெராபைட் என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். கேலக்ஸிப் பட்டியலும் அதற்கான பொய்ப் பட்டியலும் தனிக் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றில் சிறியதாக ஒன்றைக் கல்லூரி வைஃபையில் இறக்குங்கள். போன் டேட்டாவில் முயன்று மாதக் கணக்கை ஒரே மாலையில் காலி செய்தவர் என் மாடியில் உண்டு. மென்பொருளுக்கு டாப்கேட், பைத்தான், ஆஸ்ட்ரோபை, ஹீல்பிக்ஸ் போதும். ஜோடிகளை எண்ண கார்ஃபங்க்.

முதல் வாரத்தில் ஜோடி எண்ண வேண்டாம். கேலக்ஸிகளை வானப் படத்தில் புள்ளியாகப் போடுங்கள். பக்கத்தில் பொய்ப் பட்டியலையும் போடுங்கள். பிறகு 1998இல் ஷ்லெகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் வரைந்த பால்வீதித் தூசி வரைபடத்தை மூன்றாவதாக வையுங்கள். மூன்றையும் ஒரே அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு ஓட்டைக்கும் பென்சிலால் காரணம் எழுதுங்கள்: பிரகாசமான நட்சத்திரம், தூசி, இன்னும் குறி வைக்காத இடம். காரணம் எழுத முடியாத ஓட்டை ஒன்றாவது கண்ணில் பட்டால், அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மாடிக்குக் கொண்டு வாருங்கள்.